உழைக்கிற வாகனத்துக்கு சொந்தப் பாவனைக் காப்புறுதி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குடும்பத் தேவைக்கென்று வாங்கிய கார்களும் வான்களும் இன்று பல வீடுகளில் உழைப்புக்கும் ஓடுகின்றன. வெளிநாட்டிலிருந்து வருபவரைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றி வருகிறார்கள். கலியாண வீட்டுக்குக் கார் கொடுக்கிறார்கள். பாசிக்குடாவிலும் அறுகம்பேயிலும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி இறக்குகிறார்கள். வாழைச்சேனையிலிருந்து மீன் பெட்டியும் மருதமுனையிலிருந்து துணி மூட்டையும் இதே வாகனங்களில்தான் போகின்றன. உழைப்பதில் பிழையில்லை. ஆனால் அந்த வாகனத்தின் காப்புறுதி வாங்கிய நாளில் எழுதியபடி ‘சொந்தப் பாவனை’ என்றே கிடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வருடா வருடம் பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது காப்புறுதிச் சான்றிதழையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் பார்ப்பார்கள். சான்றிதழ் செல்லுபடியானதா என்பதே அங்கு கேள்வி. வாகனம் உண்மையில் எதற்கு ஓடுகிறது என்பது அந்தக் கருமபீடத்தின் வேலை அல்ல. அதனால் அனுமதிப்பத்திரம் கண்ணாடியில் ஒட்டியாகிவிட்டது, எல்லாம் சரி என்ற நினைப்பு வந்துவிடுகிறது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாந்தரப்புக் காப்புறுதியை, அதாவது நம் வாகனத்தால் மற்றவருக்கு வரும் பாதிப்புக்கான காப்புறுதியை மட்டும்தான். நம்முடைய வாகனத்துக்கு வரும் சேதத்துக்கு, நாம் எடுத்த முழுக் காப்புறுதியும் அதில் எழுதியுள்ள நிபந்தனைகளுமே பொறுப்பு.

அந்த நிபந்தனைகளில் எல்லோரும் படிக்க வேண்டியது ‘பாவனைக்கான வரையறை’ என்ற பகுதி. சான்றிதழிலேயே இரண்டு மூன்று வரியில் இருக்கும், எழுத்து சிறியது. தனியார் கார் காப்புறுதிப் பொலிசிகளில் வழக்கமாக வரும் வாசகத்தின் சாரம் இதுதான்: வீட்டுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் காப்புறுதிதாரரின் சொந்தத் தொழில் அலுவலுக்கும் பாவிக்கலாம். கூலிக்கோ வாடகைக்கோ ஓட்டுவதற்கும், ஓட்டப் போட்டிக்கும் வேகப் பரீட்சைக்கும், மாதிரிப் பொருள் தவிர வேறு வியாபாரச் சாமான் ஏற்றுவதற்கும், வாகன வியாபாரத்துக்கும் காப்புறுதி இல்லை.

இதில் ‘சொந்தத் தொழில் அலுவல்’ என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நிம்மதியாகிறார்கள். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். ஹாட்வெயார் கடைக்காரர் தன் காரில் வங்கிக்குப் போகலாம், வாடிக்கையாளரின் வீட்டுக்குப் போய் அளவெடுக்கலாம், டைல்ஸ் மாதிரி நான்கைக் காட்டலாம். அதே காரின் பின்பக்கத்தில் ஐந்து பெயின்ற் வாளியும் சீமெந்துப் பையும் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினால் அது வியாபாரச் சாமான். விற்பனைப் பிரதிநிதி மாதிரிப் பெட்டியுடன் களுவாஞ்சிக்குடிக் கடைகளைச் சுற்றுவது ஒன்று, விற்ற சரக்கை அதே பயணத்தில் இறக்கிக் கொடுப்பது இன்னொன்று. பேக்கரிச் சாமான், வீட்டுச் சாப்பாட்டு ஓடர், ஒன்லைனில் விற்ற உடுப்பு எல்லாம் இந்தக் கோட்டுக்கு அப்பால்தான் வரும். இந்தத் தொழில் அலுவல் அனுமதிகூட எல்லாப் பொலிசியிலும் ஒரே மாதிரி இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரின் பத்திரத்தைப் பார்த்து நம்முடையதை முடிவு செய்யக் கூடாது.

பணம் வாங்கி ஆள் ஏற்றுவது ஹயர். வாரத்துக்கு ஒரு தடவைதானே, தெரிந்தவர்தானே, பெற்றோல் காசுதானே என்பதெல்லாம் பொலிசி வாசகத்தில் இல்லை. மாணவர்களை மாதக் கட்டணத்துக்கு ஏற்றுவதும் ஹயர்தான். சாரதியில்லாமல் வாகனத்தை மட்டும் நாள் வாடகைக்குக் கொடுப்பது வேறு வகை, அதற்கு ஹயர் காப்புறுதியும் போதாது. வாடகைக்கு எடுத்தவர் வாகனத்தை அடகு வைத்துவிட்டு ஆளே இல்லாமல் போனால், சட்டத்தின் கண்ணில் அது களவு அல்ல, நம்பிக்கை மோசடி. களவுக்குக் காப்புறுதி தரும் பல பொலிசிகள் நம்பிக்கை மோசடியை விலக்கி வைத்திருக்கின்றன. நாள் வாடகைக்குக் கொடுப்பவர்கள் இந்த ஒரு விடயத்தை மட்டும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் திறப்பைக் கொடுக்க வேண்டும்.

பட்டா, கன்ரர் போன்ற சிறிய லொறிகள் வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு பிரிவு உண்டு. சொந்தச் சாமான் ஏற்றுவதற்கு ஒரு கட்டணம், மற்றவர் சாமானைக் கூலிக்கு ஏற்றுவதற்கு வேறு கட்டணம். சொந்த வயல் நெல்லை ஏற்றவென்று எழுதிவிட்டு, அறுவடைக் காலம் முழுக்க அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் ஊரார் நெல்லை ஏற்றினால் நிலைமை ஹயர் ஓடிய காரின் நிலைமைதான், காப்புறுதி இல்லை. பதிவுப் புத்தகத்தில் குறித்த நிறைக்கு மேல் ஏற்றியிருந்தால் இன்னும் மோசம். இன்னொன்று: வாகனக் காப்புறுதி வாகனத்துக்குத்தான். கவிழ்ந்த லொறிக்குள் இருந்த மீனுக்கும் மரக்கறிக்கும் துணிக்கும் அதில் ஒரு சதமும் வராது. சாமானுக்குத் தனியாகப் ‘போக்குவரத்தில் உள்ள பொருட்கள்’ காப்புறுதி எடுக்க வேண்டும். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றுபவர்கள் ஆண்டு முழுவதற்கும் ஒரு பொலிசியாக இதை எடுக்கலாம்.

ஹயர் ஓடியது நிறுவனத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்த இடத்துக்கு வரும் மதிப்பீட்டாளர் சாரதியிடம் மட்டும் பேசுவதில்லை. உள்ளே இருந்தவர்களிடம் எங்கிருந்து எங்கே போகிறீர்கள், சாரதி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்பார். வைத்தியசாலையில் இருக்கும் பயணி பொலிசுக்குக் கொடுக்கும் வாக்குமூலத்தில் ‘இவ்வளவு பேசி ஏற்றினோம்’ என்று உள்ளபடி சொல்லுவார், அவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். பேஸ்புக்கில் தொலைபேசி இலக்கத்தோடு போட்ட ‘எயார்போர்ட் ஹயர்’ விளம்பரம் அங்கேயே கிடக்கும். பெரிய தொகை நட்டஈட்டுக் கோரிக்கை என்றால் விசாரணையாளர் ஊருக்கே வந்து விசாரிப்பார். பொய் வாக்குமூலம் கொடுத்து இதைச் சமாளிக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்களை நம்ப வேண்டாம். பாவனை பிழை என்ற பிரச்சினை அதன்பின் மோசடி என்ற பிரச்சினையாகிவிடும்.

வகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. புதுப்பிக்கும் திகதி வரை காத்திருக்கவும் தேவையில்லை. கிளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாகன இலக்கம், பொலிசி இலக்கம், எந்தத் திகதியிலிருந்து எதற்குப் பாவிக்கப் போகிறீர்கள், யார் யார் ஓட்டுவார்கள், ஆள் ஏற்றுவதா சாமான் ஏற்றுவதா, சாமான் யாருடையது என்பவற்றை அதில் குறிப்பிடுங்கள். மீதி நாட்களுக்கான வித்தியாசத்தைக் கணக்கிட்டுச் சொல்வார்கள். அதைக் கட்டியபின் பொலிசியில் திருத்தம் செய்த பத்திரத்தையும் புதிய சான்றிதழையும் கையில் வாங்குங்கள். ‘சொல்லிவிட்டேன், பிரச்சினையில்லை’ என்று முகவர் தொலைபேசியில் சொல்வது காப்புறுதி ஆகாது. ஹயர் வகைக்குக் கட்டுப்பணம் (பிரிமியம்) கூடத்தான். நாள் முழுக்க வீதியில் நிற்கும் வாகனத்துக்கு ஆபத்தும் கூட. கோரிக்கையற்ற கழிவும் (நட்டஈடு கேட்காத வருடங்களுக்குத் தரும் தள்ளுபடி) ஹயர் வகையில் குறைவாக இருக்கலாம், அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். மொத்த பில்லில் 2024 ஜனவரி முதல் 18 சதவீத வற் வரியும் சேர்வதால், இரண்டு நிறுவனங்களின் விலையை ஒப்பிடும்போது வரி சேர்த்த இறுதித் தொகையையே ஒப்பிட வேண்டும்.

லீசிங்கில் வாகனம் எடுத்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முதல் வருடக் காப்புறுதியை லீசிங் கம்பனியே ஒழுங்கு செய்து, அதன் செலவையும் தவணையில் சேர்த்துவிடுவது வழக்கம். அந்த விண்ணப்பத்தில் வாகனத்தின் பாவனை என்னவென்று நிரப்பியது யார் என்பதே பலருக்குத் தெரியாது. கையொப்பம் மட்டும் நம்முடையது. வாகனம் முழுமையாக அழிந்தால் காப்புறுதிப் பணம் முதலில் போவது பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருக்கும் லீசிங் கம்பனிக்கு. கோரிக்கை நிராகரிக்கப்பட்டாலும் லீசிங் தவணை நிற்காது. இல்லாத வாகனத்துக்கு மாதாமாதம் காசு கட்டும் நிலை வரும்.

ஓபன் பேப்பரில், அதாவது பழைய உரிமையாளரின் கையொப்பம் மட்டும் உள்ள மாற்றப் பத்திரத்தோடு வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓடுபவர்களும் இதே அபாயத்தில்தான் இருக்கிறார்கள். பதிவுப் புத்தகத்தில் ஒருவர், காப்புறுதியில் இன்னொருவர், ஸ்டியரிங்கில் மூன்றாமவர் என்றிருந்தால் யாருக்கு நட்டம், யாருக்குக் காசு என்ற கேள்வியிலேயே கோரிக்கை நின்றுவிடும்.

காப்புறுதித் தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை எங்கேயோ போனது. 2025இல் இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது. இவ்வளவும் நடந்த பிறகும் பலர் கட்டுப்பணத்தை மிச்சம் பிடிக்கவென்று பழைய பெறுமதியையே வைத்திருக்கிறார்கள். சந்தையில் 90 இலட்சம் போகும் வானை 60 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். திருத்தச் செலவு 6 இலட்சம். விகிதாசார நிபந்தனை (சந்தைப் பெறுமதியில் எவ்வளவு பங்குக்குக் காப்புறுதி செய்தோமோ நட்டத்திலும் அந்தப் பங்கையே தரும் நிபந்தனை) உள்ள பொலிசியில் கிடைப்பது 6 இலட்சம் அல்ல, அதில் மூன்றில் இரண்டு பங்கு, 4 இலட்சம். அதிலிருந்து நீங்கள் பொறுக்க வேண்டிய ஆரம்பத் தொகையும் கழியும். பழைய வாகனமென்றால் மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானமும் கழியும். 60 இலட்சத்துக்குள்தானே செலவு வந்திருக்கிறது, முழுவதும் தருவார்கள் என்று எண்ணியவர்கள் அங்கேதான் அதிர்ந்து போகிறார்கள். அதேபோல் சந்தை விலையைவிடக் கூட்டி எழுதினாலும் பயனில்லை, விபத்து நடந்த நாளின் சந்தை விலைக்கு மேல் யாரும் தரப்போவதில்லை. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் விற்பனை விளம்பரங்களில் அதே வருட, அதே ரக வாகனத்தின் விலையைப் பார்த்துத் தொகையைத் திருத்துங்கள்.

உழைக்கும் வாகனத்துக்கு மேலதிகமாகச் சேர்க்க வேண்டியவை சில. பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்புறுதியை ஆசன எண்ணிக்கைக்குச் சரியாக எடுக்க வேண்டும். ஒன்பது ஆசனத்துக்கு எடுத்துவிட்டு பதினான்கு பேரை ஏற்றினால் மற்ற ஐந்து பேர் எங்கே போவது? சம்பளத்துக்குச் சாரதியோ உதவியாளரோ வைத்திருந்தால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு, அதையும் வாகனப் பொலிசியோடு சேர்த்து எடுக்கலாம். சம்பளச் சாரதியின் அனுமதிப்பத்திரம் அந்த வகை வாகனத்துக்கு உரியதா, காலாவதியாகாததா என்று பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய, வயது குறைந்த சாரதி ஓட்டினால் ஆரம்பத் தொகையைக் கூட்டும் நிபந்தனை பல பொலிசிகளில் இருக்கிறது.

கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்புறுதி அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தின் கீழ் வருவது, நிறுவனங்கள் அதைத் தனிக் கட்டணமாக அறவிடுகின்றன. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் நடந்த வன்முறையை நாம் மறக்கவில்லை. பொலிசிப் பட்டியலில் அந்தக் காப்புறுதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை அனர்த்தத்துக்கான காப்புறுதி இருக்கிறதா என்றும் பாருங்கள். நமக்கு அது வெறும் சம்பிரதாயம் அல்ல. நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிரான் – புலிபாய்ந்தகல் வீதியும் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியும் வெள்ளத்தில் எப்படியிருக்கும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும்.

ஹயரை முடித்துக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் வீதியை மூடிய வெள்ளத்துக்குள் வாகனத்தை விடுவதில்தான் பெரிய நட்டம் வருகிறது. தண்ணீர் காற்று உறிஞ்சும் குழாய் வரை ஏறினால் எஞ்சின் நின்றுவிடும். நின்றதோடு விட்டால் பெரும்பாலும் காய வைத்து, ஒயில் மாற்றித் திருத்திவிடலாம். திரும்ப ஸ்டார்ட் அடிக்கும்போதுதான் அழிவு. சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் நெருக்க முடியாது, அதனால் கனெக்டிங் ரொட் வளையும், சில வேளை புளொக்கே வெடிக்கும். ஆசனத்துக்கும் வயரிங்குக்கும் காசு தரும் நிறுவனம், எஞ்சின் சேதம் வெள்ளத்தால் அல்ல, ஸ்டார்ட் அடித்ததால் வந்தது என்று அந்தப் பெரிய தொகையைக் கழித்துவிடும். ஆகவே எஞ்சின் நின்றால் திறப்பைத் திருப்பவே வேண்டாம். ஆட்களைப் பாதுகாப்பாக இறக்குங்கள், தண்ணீர் எந்த மட்டத்துக்கு நின்றது என்று தெரியும்படி படம் எடுங்கள், நிறுவனத்துக்கு அழையுங்கள், வாகனத்தை ஏற்றிச் செல்லும் வண்டியைக் கேளுங்கள். ஓட்டோமற்றிக், ஹைபிரிட் வாகனங்களைக் கயிறு கட்டி இழுத்தால் கியர் பெட்டி போய்விடும். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் நிற வயர்களை ஊர் மெக்கானிக் தொட விடாதீர்கள்.

விபத்து நடந்தால் முதலில் காயப்பட்டவர். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடுத்து, வாகனத்தை நகர்த்த முன் நான்கு பக்கமும், சில்லுத் தடமும், மற்ற வாகனத்தின் இலக்கமும் தெரியப் படம். அங்கிருந்தே நிறுவனத்தின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைப்பு. பிறகு பொலிஸ் முறைப்பாடு. கட்டுநாயக்காப் பாதையில் மின்னேரியா, ஹபரணைப் பக்கம் இரவில் யானை மோதினாலும், ஊருக்குள் படுத்திருக்கும் மாட்டில் மோதினாலும் இதே ஒழுங்குதான். மாடு எழும்பிப் போய்விட்டது என்று விட்டுவிட்டு மறுநாள் அழைத்தால் சேதம் எப்படி வந்தது என்பதை நிரூபிக்க முடியாது.

இங்கு அதிகம் நடக்கும் ஒரு பிழை, பொலிஸ் நிலையத்திலேயே பேசிச் சமாதானமாகி ‘இருவருக்கும் ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதிக் கையொப்பம் வைப்பது. பிழை மற்றவருடையது என்றால், அவரிடம் நட்டத்தை அறவிடும் உரிமை கோரிக்கையைச் செலுத்திய பிறகு நிறுவனத்துக்குப் போகிறது. அந்த உரிமையை நீங்களே விட்டுக்கொடுத்தபின் உங்களுக்குக் காசு தர நிறுவனம் மறுக்கலாம். பிழை உங்களுடையது என்று நிறுவனத்தின் சம்மதமில்லாமல் எழுதிக் கொடுப்பதும் இதே வில்லங்கம்தான். சமாதானம் நல்லது. கையொப்பத்துக்கு முன் நிறுவனத்திடம் ஒரு சொல் கேளுங்கள். மற்றத் தரப்பின் சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதமோ நீதிமன்ற அழைப்பாணையோ வந்தால் நீங்கள் பதில் எழுதாமல் அன்றே கிளையில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

கராஜிலும் அவசரம் கூடாது. மதிப்பீட்டாளர் பார்த்து, செலவு மதிப்பீட்டை நிறுவனம் அனுமதித்த பின்தான் கழற்ற வேண்டும். கழற்றியபோது உள்ளே புதிதாகச் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்தி மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பம்பரையும் லைட்டையும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டு பில்லை மட்டும் கொண்டு போனால் அந்தப் பாகத்தின் காசு வெட்டுப்படும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் காரணத்தை எந்த நிபந்தனையின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் தலைமை அலுவலக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ (குறைகேள் அதிகாரி), 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஒம்புட்ஸ்மன் அதைக் கையில் எடுப்பதில்லை. ஆகவே எந்தப் பாதை என்பதை வழக்குக்கு முன்பே யோசிக்க வேண்டும். முறைப்பாட்டோடு விண்ணப்பப் படிவத்தின் பிரதியும் வேண்டும், அதை நிறுவனத்திடம் இப்போதே கேட்டு வாங்கி வையுங்கள்.

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைக் கிளைகளின் முகாமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பத்தில் பாவனை என்ற கட்டத்தை முகவர் தன்பாட்டில் நிரப்பாமல், வாகனத்தில் காசுக்கு ஆள் ஏற்றுவீர்களா, விற்கும் சாமான் ஏற்றுவீர்களா, நாள் வாடகைக்குக் கொடுப்பீர்களா என்ற மூன்று கேள்விகளைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் கேட்டு, வாடிக்கையாளர் தன் கையால் ஆம், இல்லை எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். பாவனைக்கான வரையறையையும் அதே தாளின் மறுபக்கத்தில் தமிழில் கொடுங்கள். கோரிக்கை வந்தபின் அந்த வரியை எடுத்துக் காட்டும் நிறுவனம், கட்டுப்பணம் வாங்கும் நாளிலேயே அதைக் காட்டக் கடமைப்பட்டிருக்கிறது.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.